எடுத்துட்டேன்

மறுபடியும் அதே இடத்தில்தான் நின்றது. பச்சைப் பட்டை பாதியைத் தாண்டி, தாண்டிய தைரியத்தில் இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்து, பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேவிட்டது. பழைய டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, மீண்டும் முயலவா, தாண்டிப் போகவா, நிறுத்திவிடவா என்று ஒரு சின்னப் பெட்டி திரையின் நடுவில் வந்து உட்கார்ந்தது. கேட்கிற மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்று நினைத்துக்கொண்டாள் மணிமொழி. சாப்பிட்ட கையோடு வந்து உட்கார்ந்தவள். சனிக்கிழமை, ஆபீஸ் கிடையாது, ரசத்தின் வாசனை இன்னும் விரலிலேயே இருந்தது. பழையதை அப்படியே நகலெடுக்க வாங்கிய புது டிஸ்க், எஸ்எஸ்டி, முதலில் கம்ப்யூட்டரின் கண்ணிலேயே படவில்லை. கேபிளை வேறு ஓட்டையில் சொருகினாள், பட்டது. பட்டதும் முதலில் என்னைத் தயார்செய் என்றது, செய்தாள். அப்புறம் வைரஸ் தடுப்பு குறுக்கே வந்து நின்றது, அதை அணைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடியோ இருந்தது, ஒவ்வொரு வீடியோவிலும் ஒருவன் வந்து ரொம்ப சிம்பிள் ஃப்ரெண்ட்ஸ் என்றான். அவனுக்கென்ன, அவன் டிஸ்க் நல்ல டிஸ்க். இவள் டிஸ்க் உள்ளேயிருந்து ட்டிக், ட்டிக் என்றது. போன வாரம் முதன்முதலில் அந்தச் சத்தம் கேட்டபோது சுவரில் பல்லி சொல்கிறது என்றே நினைத்தாள். எதை நினைத்தபோது சொன்னது என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தாள். அனுசுயாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அனுசுயாவுக்கு வரலாறு பரீட்சை. அந்தப் பெண்ணுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, கேட்டுத்தான் படிக்கவேண்டும், கேட்கவேண்டிய பாடம் முழுக்க இந்தச் செத்துக்கொண்டிருக்கிற டப்பாவுக்குள் இருக்கிறது. போனில் குரலாகவே பேசி அனுப்பியிருந்தாள் அனுசுயா, கூச்சத்தோடு. மிஸ், வரலாறு இருக்குல்ல மிஸ், கடைசியில நீங்க கேள்வி கேப்பீங்கள்ல, அது வேணும் மிஸ். பாவம், மொத்தத்தையும் கேட்கச் சங்கடப்பட்டு ஓரத்தைக் கேட்கிறது. பாடம் இல்லாமல் கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்யும், எல்லாவற்றையுமே அனுப்பிவிடலாம் என்று மணிமொழி அன்றைக்கே முடிவுசெய்துவிட்டாள். முடிவுசெய்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டால் அது வாசலிலேயே மயங்கி விழுந்தது. எந்தக் கோப்புறையைத் தொட்டாலும் மணல் கடிகாரம். இழுத்துப் பிடித்துத் திறக்கப் போய் உள்ளதும் போய்விடக்கூடாதே என்று கையை எடுத்துக்கொண்டாள். மீண்டும் முயல் என்பதை அழுத்தினாள். ட்டிக் என்றது.

போன வாரம்வரை, இந்த அறைக்குள் அவள் வந்தே மாதக்கணக்கு ஆகியிருந்தது. உறையூரில் அவர்கள் வீட்டுப் பின்கட்டில், அரிசி மூட்டையும் பழைய கட்டிலும் கிடந்த அறை. நாலு சுவரிலும் கம்பளியும் ஜமக்காளமும் ஆணியடித்துத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்த்து வழிய அவளும் சிநேகிதி ஜெசிந்தாவும் மூன்று வருஷம் பாடங்களைப் படித்துப் பதிவுசெய்தார்கள். பார்வை இல்லாத பெண்கள் தங்கிப் படிக்கிற விடுதிக்காக. காசு பணம் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை, ஜெசிதான் ஒருநாள் மாதா கோவில் வாசலில் அந்தப் பெண்களைப் பார்த்துவிட்டு வந்து, நமக்கு வாய் இருக்கு மணி, அதுங்களுக்குக் காது இருக்கு, அப்புறம் என்ன என்றாள். அவ்வளவுதான் ஆரம்பம். ஒருத்தி ஒரு பத்தி, அடுத்த பத்தி அடுத்தவள். அப்படிப் படிக்கவேண்டும் என்று கண்டுபிடித்தது ஜெசி. ஒரே குரல் என்றால் பிள்ளைகள் தூங்கிவிடும், குரல் மாறுகிற இடத்தில் முழித்துக்கொள்ளும் என்றாள், அது உண்மைதான், விடுதியில் எல்லோரும் அதையே சொன்னார்கள். வேலூர்ப் புரட்சியை ஜெசி ஆரம்பித்தால் மணிமொழி முடிப்பாள். மணிமொழி ரயத்துவாரி முறையில் மூச்சுத் திணறும்போது ஜெசி அவளுடைய தொடையில் தட்டி அடுத்த பத்தியை வாங்கிக்கொள்வாள். பாடம் முடிந்தபின் வருகிற கேள்விகளை மட்டும் மணிமொழி தனியாகப் படிப்பாள், உனக்கு டீச்சர் குரல் மணி, கேள்வி கேக்கறதுக்குன்னே பொறந்தவ என்பாள் ஜெசி. அதில் ஒரு பெருமை இருந்தது, இல்லையென்று சொல்வானேன். புருஷனோடு பேசியதைவிட இந்த அறையில் அதிகம் பேசியிருக்கிறாள், அதுவும் அச்சடித்ததை. பொங்கல் கழிந்த கையோடு ஜெசி மெட்ராஸ் போனாள். ஏதோ பாடம் சொல்லிக்கொடுக்கிற ஆப், அதற்குக் குரல் வேண்டுமாம், மாதச் சம்பளம், பிள்ளை காலேஜ், எல்லாம் நியாயம்தான். நியாயமானதை எல்லோருக்கும் சொல்லிவிட்டுக் கடைசியாக மணிமொழியிடம் சொன்னாள். அது கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும் ஜெசிக்காக வாதாட மணிமொழிக்குள்ளேயே ஒரு வக்கீல் இருந்தான். உன்கிட்ட சொன்னா அழுதுடுவேன்னுதான் கடைசியா சொன்னா என்று அவன் சொன்னான், இவளும் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டாளே தவிர அதற்கப்புறம் அறைக் கதவைத் திறக்க மனம் வரவில்லை. தனியாகப் படித்தால் ஒரு பத்தி முடிந்ததும் வாய் தன்னால் நின்றுவிடும் என்று பயம். நின்று, அடுத்தவளுக்காகக் காத்திருக்கும். அதைவிட அசிங்கம் வேறு உண்டா.

ட்டிக். நின்ற இடத்தில் நிற்கிறது. தாண்டிப் போகவா என்பதன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள், எடுத்தாள். வீடியோக்காரன் சொன்னது இதுதான்: டிஸ்க்கில் சில இடம் கெட்டுப்போயிருக்கும், அதையே முட்டிக்கொண்டிருந்தால் மிச்சமும் கெடும், தாண்டிப் போய்விடுங்கள், கொஞ்சம் போகும், நிறைய மிஞ்சும். கொஞ்சம் என்றால் எது? அதை எவனும் சொல்லவில்லை. விண்டோஸின் ஏதோ ஒரு ஓரம் போனால் போகட்டும். கெட்டுப்போன இடத்தில் கர்நாடகப் போர்கள் இருந்தால்? நாலு நாள் படித்தார்கள் அதை. பக்கத்து வீட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தான், நிஜப் போர், தண்ணீருக்கு. அந்த மிஷின் நிற்கிற இடைவெளியில் ஒவ்வொரு பத்தியாகப் பிடித்தார்கள். பாளையக்காரர்கள் இருந்தால்? அதில் ஜெசிக்குக் குரல் உடைந்துவிட்டது, தூக்கு மேடை வந்தபோது. திரும்பப் படிக்கலாம் என்று மணிமொழி சொன்னதற்கு வேணாம், உடைஞ்சதே இருக்கட்டும் என்றாள். எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது? பெரியாஸ்பத்திரியில் அப்பாவின் காலைப் பார்த்துவிட்டு டாக்டர் இப்படித்தான் ஒரு தாளை நீட்டினார், விரலோடு போகட்டும் என்று பார்க்கிறோம், தாமதித்தால் முழங்கால் வரை போகும் என்றார். அண்ணன்கள் இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். அவள்தான் கையெழுத்துப் போட்டாள். அப்பா கண் முழித்ததும் யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்டார், அண்ணன்கள் அப்போதும் அவளையே பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் அவளே கையெழுத்துப் போடவேண்டும், அப்புறம் எல்லோரும் அவளையே பார்க்கவேண்டும். ஹாலில் டிவி சத்தம் குறைந்தது. "என்ன மொழி, ஆச்சா?" என்றார் இளவழகன், உட்கார்ந்த இடத்திலிருந்தே. அவள் புருஷனுக்கு அவள் மொழி, ஜெசிக்கு மணி. பாதிப் பாதியாக ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். "ஆகுது" என்று சொல்லிவிட்டு, தாண்டிப் போ என்பதை அழுத்தினாள். பச்சைப் பட்டை ஒன்றுமே நடக்காத மாதிரி நகர ஆரம்பித்தது.

நகர ஆரம்பித்தது மட்டுமில்லை, ஓடவே ஓடியது. துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் முக்கால்வாசி. இவ்வளவு வேகமாகவா போகும் என்று ஒரு சின்ன நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் அதை விரட்டினாள், நல்லது நடக்கும்போது நோண்டக்கூடாது. உள்ளதெல்லாம் புதியதில் கொண்டதே பெரிய விஷயம். பழையது பெரிய டிஸ்க், இளவழகன் வாங்கிவந்த எஸ்எஸ்டி அதில் பாதிகூட இல்லை. "அதே சைஸ்தானே கேட்டேன்" என்று இவள் கேட்டதற்கு, "கடைக்காரர் அதுவே தாராளம்னார், நீ என்ன சினிமா எடுக்கற" என்றார். சினிமாதான் எடுத்தோம், உங்களுக்குத்தான் தெரியாது என்று சொல்ல வந்து சொல்லவில்லை. உள்ளே இருக்கிற சரக்கு கொள்ளுமளவு இருந்தால் ஏற்றுக்கொள்ளும், இல்லையென்றால் ஆரம்பத்திலேயே முடியாது என்று சொல்லிவிடும் என்று வீடியோக்காரன் சொல்லியிருந்தான். முடியாது என்று சொல்லப் போகிறது, திரும்பக் கடைக்கு நடக்கவேண்டும் என்று பயந்துகொண்டே அழுத்தினாள். அது வாயே திறக்காமல் ஏற்றுக்கொண்டது. அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. முடிந்தது என்று வந்ததும் இளவழகனைக் கூப்பிட்டாள், அவர் திருப்புளியோடு வந்தார், ஆண்பிள்ளைக்கு மரியாதை செய்கிற ஒரே ஆயுதம் அது. பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினால் தூசி ஒரு பூனை அளவுக்கு இருந்தது. பழையதைக் கழற்றிக் கையில் கொடுத்தார், வெதுவெதுப்பாக இருந்தது, அதை முந்தானையால் பிடித்துக்கொண்டாள். புதியதை மாட்டிப் போட்டால் கறுப்புத் திரை, டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி. "போச்சா?" என்றார். போகவில்லை, கேபிள் சரியாக உட்காரவில்லை. அமுக்கினாள். அப்போதும் அதே வரி. எதிலிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்பதற்கு ஒரு வரிசை உண்டாம், அதில் இன்னும் பழைய டிஸ்க்கின் பெயரே முதலில் இருந்தது. ஆளே இல்லை, பெயர் மட்டும் முதல் இடத்தில். மாற்றினாள். வந்தது. அம்மாடி, என்ன வேகம். "பாத்தியா, தாராளம்னு சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டு இளவழகன் டிவிக்குத் திரும்பினார்.

வரலாறு என்ற கோப்புறையைச் சொடுக்கிய கையை எடுப்பதற்குள் திறந்தது. மணல் கடிகாரம் இல்லை, ட்டிக் இல்லை. திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்பதையும் அதே வேகத்தில் காட்டியது. ஒன்றுமில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. கேள்வி, கேள்வி, கேள்வி என்று பெயர் வைத்த சின்னச் சின்னக் கோப்புகள் மேலிருந்து கீழ்வரை வரிசையாக இருந்தன. பாடங்கள் இல்லை. மேலே போனாள், கீழே வந்தாள். பொருளாதாரத்தைத் திறந்தாள், கேள்விகள் இருந்தன. தமிழ் இலக்கிய வரலாறு, கேள்விகள். தாண்டிப் போ என்று அழுத்தினாளே, அதுதான். கொஞ்சம் போகும் என்றானே பாவி, இதுவா கொஞ்சம்? அவள்தான் அழுத்தினாள், இன்னும் ஒருதரம் முயன்றிருக்கலாம், பொறுமை கிடையாது, எப்போதுமே கிடையாது. இல்லை, இந்தச் சின்ன டிஸ்க்தான், கொள்ளவில்லை என்று சொல்லாமல் கொண்டவரைக்கும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டது, தாராளமாம் தாராளம், ஒரு சாமான் சொன்னபடி வாங்கத் துப்பில்லை இந்த மனுஷனுக்கு. இல்லை, அந்த வீடியோக்காரன். திட்டுவதற்கு ஆள் இருந்தவரைக்கும் கொஞ்சம் தெம்பாகத்தான் இருந்தது. ஆனால் அதிலும் ஒரு இடம் நெருடியது. கெட்டுப்போன இடம் என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தானே போகும்? கேள்விகளை மட்டும் ஒன்றுவிடாமல் பத்திரமாக வைத்துவிட்டுப் பாடங்களை மட்டும் பொறுக்கித் தின்னுமா ஒரு டிஸ்க்? அதற்கு அவ்வளவு புத்தி உண்டா? அந்தக் கேள்வியைப் பாதியிலேயே விட்டுவிட்டு, பழையதை எடுத்து வெளிக் கேபிளில் மாட்டினாள். அம்மா தாயே, இன்னும் ஒரே ஒருதரம் உயிரோடு இரு.

அது முனகிக்கொண்டு எழுந்தது. ட்டிக், ட்டிக். வரலாறு திறந்து முடிவதற்குள் அவள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அங்கேயும் கேள்விகள்தான். பழைய டிஸ்க்கிலும் பாடம் இல்லை. எஸ்எஸ்டி எதையும் விடவில்லை, இருந்ததைத்தான் கொண்டுவந்திருக்கிறது, அதனால்தான் கொண்டது, அதனால்தான் அந்த ஓட்டம் ஓடியது. டிஸ்க்கில் முக்கால்வாசி இடம் காலி என்று நீலமும் வெள்ளையுமாக ஒரு கட்டம் காட்டியது. கோப்புறை கடைசியாக எப்போது மாறியது என்று பார்த்தாள். பொங்கலுக்கு அடுத்த வாரம். அன்றைக்கு ஜெசி வந்திருந்தாள், போவதற்கு முன் கடைசி முறையாக. மணிமொழி வெங்காய பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள், ஜெசிக்கு ஓரம் கருகினால்தான் பிடிக்கும் என்று அடுப்பைக் கூட்டி வைத்துக் கருக்கிக்கொண்டிருந்தாள். ஜெசி அறைக்குள்ளிருந்து வந்து, அடுக்களைக் கதவில் சாய்ந்து நின்று, மணி, என்னோடதெல்லாம் எடுத்துட்டேன் என்றாள். எடுத்துக்கோ எடுத்துக்கோ, அதுக்கென்ன என்றாள் இவள், கரண்டியோடு. எடுத்துட்டேன். போட்டோ எடுத்தேன் என்றால் ஆள் அங்கேயே நிற்பான். எக்ஸ்ரே எடுத்தேன் என்றால் எலும்பு உள்ளேயே இருக்கும். காப்பி எடுத்தேன் என்றால் இங்கும் இருக்கும், அங்கும் இருக்கும், அதைத்தான் இவள் நினைத்தாள், வேறு எதை நினைப்பாள். சமயபுரத்தில் முடி எடுத்தேன் என்றால்? பல் எடுத்தேன் என்றால்? ஒரே வார்த்தைதான். சொல்லிவிட்டுத்தான் எடுத்திருக்கிறாள். முகத்துக்கு நேரே, தெளிவாக, அத்தனை பாடத்தையும் அப்படித்தானே தெளிவாகப் படிப்பாள், ஒரு எழுத்தை முழுங்கமாட்டாள். இவள் காதுதான் பஜ்ஜியில் இருந்தது. பத்திக்குப் பத்தி மாற்றிப் படித்ததில் ஜெசி இல்லாத பாடம் என்று ஒன்று கிடையாது. ஆகவே அவளுடையதை எடுத்தால் எல்லாமே போகும். போயிற்று. அன்றைக்குப் பஜ்ஜி தின்றாள். நாலு தின்றாள், பிள்ளைக்கென்று கட்டிக்கொண்டும் போனாள். வக்கீல் ஏதாவது பேசுவான் என்று மணிமொழி காத்திருந்து பார்த்தாள். அவனுக்கும் வாய் அடைத்துவிட்டது போலிருந்தது. விட்டுவிட்டுப் போவது வேறு, அதை அழுது தீர்த்துக்கொள்ளலாம். துடைத்துவிட்டுப் போவது என்றால் என்ன அர்த்தம்? திங்கட்கிழமை பரீட்சை. அந்த ஒன்று இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் அவளுக்குப் போன் போட்டிருக்க மாட்டாள்.

"மணி, சொல்லு, எவ்ளோ நாளாச்சு" என்றாள் ஜெசிந்தா. குரலில் ஒரு பாலிஷ் ஏறியிருந்தது, மூச்சு வாங்குவதே கேட்கவில்லை.

"பாடமெல்லாம் எங்க ஜெசி?"

அந்தப் பக்கம் பின்னால் ஒரு குக்கர் சத்தம். "எடுத்துட்டேன்னு சொன்னேனே மணி, அன்னைக்கே."

"காப்பி எடுத்தேன்னு நெனச்சேன்."

"நான் சொன்னது... சரி, நீ அப்படி எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது. இந்த ஆப்காரங்க கையெழுத்து வாங்கிட்டாங்க. என் குரல் வேற எங்கயும் இருக்கக் கூடாதுன்னு. இருந்தா எனக்குத்தான் வம்பு. வேணும்னேவா பண்ணுனேன்?"

"என் குரலும் அதுல இருந்துச்சுல்ல."

"ஒரு பத்தி நீ, ஒரு பத்தி நான். உன் பத்திய மட்டும் வெட்டி வெச்சிருந்தா அத எவ கேப்பா? அதான் எல்லாம் இங்க கொண்டுவந்து, உன் எடத்தையும் நானே படிச்சு முழுசா ஆக்கிட்டேன். வீணாப் போகலை மணி. அது ஆப்ல இருக்கு."

உன் இடத்தையும் நானே படிச்சுட்டேன். மணிமொழிக்கு அந்த வாக்கியத்தில் எந்த இடத்தில் கோபப்படுவது என்று தெரியவில்லை. ரயத்துவாரி முறையில் தொடையில் தட்டிவிட்டு அவளே முடித்திருப்பாள். ஆனால் தட்டுவதற்கு அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அதில் ஏதாவது ஒரு பத்தி முடிகிறபோது ஒரு கணம் நின்றாளா, நிற்கவே இல்லையா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. "அனுசுயாவுக்குப் பரீட்சை ஜெசி. திங்கக்கிழமை. வரலாறு கேட்டிருக்கா. எனக்காக வேணாம், அந்தப் பிள்ளைக்காகவாவது அனுப்பு" என்றாள். கெஞ்சுகிற மாதிரி வந்துவிட்டது குரல். வந்தால் வரட்டும்.

"அனுசுயாவுக்கா?" என்றாள் ஜெசி. அவளுக்கே சங்கடமாக இருந்தது தெரிந்தது. "அவகிட்ட எல்லாம் இருக்கே மணி. விடுதிப் புள்ளைங்க எல்லாருக்கும் நான் ஃப்ரீயா போட்டுக் குடுத்துட்டேன், மார்ச்லயே. அவங்க அதுலதான் படிக்கறாங்க. உன்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன், நீ வருத்தப்படுவன்னு. ஆப்ல கேள்வி கெடையாது, அதான் அவ உன்கிட்ட கேட்டிருப்பா. கேள்விய நான் தொடலை. உன்னோடது நான் எதுக்கு எடுக்கப் போறேன்?"

மணிமொழி சரி என்றாள். பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று கேட்டாள். நல்லாப் படிக்கிறான் என்று அவள் சொன்னாள். சாப்பிட்டியா என்று அவள் கேட்டாள், இவள் ஆச்சு என்றாள். அப்புறம் யார் வைத்தார்கள் என்று தெரியாமலே போன் வைக்கப்பட்டிருந்தது. கடைசியில நீங்க கேள்வி கேப்பீங்கள்ல, அது வேணும் மிஸ். அந்தப் பெண் ஓரத்தைக் கேட்கவில்லை, வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பத்துப் பதினைந்து பெண்கள் மார்ச்சிலிருந்து தலையணைப் பக்கத்தில் ஜெசியை வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள், அவளை மட்டும், முழுப் பத்திகளாக, குரல் மாறாமலே. முழித்துக்கொண்டுதான் கேட்கிறார்கள் போலிருக்கிறது. இவள் பின்கட்டுக் கதவைச் சாத்திவைத்து, தனக்கு யாரோ செத்துப்போன மாதிரி மாதக்கணக்கில் நடந்துகொண்டிருந்தாள். அழிந்ததையும் மீட்டெடுக்கலாம், பழைய டிஸ்க்கை இதற்கென்று இருக்கிற ஆளிடம் கொடுத்தால் சுரண்டியாவது கொஞ்சம் தேற்றிக் கொடுப்பான் என்று வீடியோவில் சொன்னது ஞாபகம் வந்தது. மீட்டு யாருக்குக் கொடுப்பது? கேட்க வேண்டியவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவளுக்கு ஜெசியின் மேல் வந்ததைவிட அந்தப் பெண்கள் மேல்தான் இப்போது ஆத்திரம் வந்தது. கண் தெரியாத பிள்ளைகள் மேல் ஆத்திரப்படுகிறோமே என்று நினைத்ததும் அந்த ஆத்திரமும் கையைவிட்டுப் போயிற்று. ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை, கோபப்படுகிற உரிமையைக்கூட. பழைய டிஸ்க்கைக் கழற்றினாள். அதன் பின்னும் கொஞ்ச நேரம் அது உள்ளுக்குள் சுற்றிவிட்டு அடங்கியது.

இருட்டத் தொடங்கியிருந்தது. இளவழகன் விளக்கைப் போட்டுவிட்டு, காபி வைக்கவா என்று கேட்டார், வைங்க என்றாள். கேள்விகளை அனுப்பவேண்டும், அது ஒன்று பாக்கி இருக்கிறது, அந்தப் பிள்ளை காத்துக்கொண்டிருக்கும். கோப்பு நல்லபடியாக வந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டுமே, ஒன்றைத் திறந்து ஓடவிட்டாள். நிரந்தர நிலவரித் திட்டத்தின் விளைவுகளை விவரி என்றது அவளுடைய குரல், கறாராக. டீச்சர் குரல்தான். அதன் பின் அடுத்த கேள்வி, அதற்கடுத்தது. அதற்கப்புறம் ஒரு இடைவெளி. கட்டில் கிரீச்சிட்டது. "கொஞ்சம் தள்ளி உக்காரு மணி, உன் மூச்சு மைக்ல விழுது" என்றாள் ஜெசி. அறைக்குள், காதுக்குப் பக்கத்தில். மணிமொழி திரும்பிப் பார்த்துவிட்டாள். "மூச்சு விடாம படிக்கவா?" என்று கேட்டது அவளுடைய குரல், சிரித்துக்கொண்டு. "நீ படி. உனக்கும் சேத்து நான் விடறேன்." அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள், நிறுத்த முடியாமல், ஒருத்தி இன்னொருத்தியை அடிக்கிற சத்தம், வளையல் சத்தம், பிறகு ஒரு கனைப்பு, பிறகு மறுபடியும் கேள்வி. எல்லாவற்றையும் துடைத்த ஜெசி இதைப் பார்க்கவில்லை. கேள்வி என்று பெயர் இருந்ததால் திறக்காமலே விட்டிருக்கிறாள். மணிமொழி அதை ஓட்டிக் கேட்டாள், திரும்பவும் கேட்டாள். நடிப்பில்லை அதில், எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. இவ்வளவு பிரியமாகப் பேசியவள்தான் செய்திருக்கிறாள், வேறு யாரோ இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. காபி ஆறிப்போகுது மொழி என்று ஹாலிலிருந்து குரல் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்தாள், கட்டில் கிரீச்சிடுவதிலிருந்து கனைப்பு வரைக்கும். ஜெசியுடையது ஒரு நொடிகூட இங்கே இருக்கவேண்டாம். வெட்டினாள். இரண்டு முனையையும் சேர்த்தாள். வெட்டுகிற வேலையையும் அவளுக்கு ஜெசிதான் சொல்லிக்கொடுத்திருந்தாள், நன்றாகவே சொல்லிக்கொடுத்திருந்தாள். முதலிலிருந்து ஓட்டிக் கேட்டாள். எந்த இடத்தில் வெட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று வருஷமும் அந்த அறையில் அவள் ஒருத்தி மட்டுமே உட்கார்ந்து, எதிரே ஆளே இல்லாமல், ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. அதை அனுசுயாவுக்கு அனுப்பினாள்.